எதுக்களிப்புக்கு அறுவை மருத்துவம்

பல்லடம், திருப்பூர்ப் பக்கத்தவர்களுக்குப் பனியன் கழுத்தில் தைக்கும் ‘ரிப்’ துணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இழுத்தால் விரியும், தலை நுழைந்ததும் சுருங்கிக்கொள்ளும். நம் உணவுக்குழல் இரைப்பையோடு சேருமிடத்திலும் இத்தகைய சுருக்குத்தசை ஒன்று உண்டு. பழைய பனியனின் கழுத்தைப்போல அது தொய்ந்துவிட்டால் இரைப்பையின் அமிலம் மேலேறி நெஞ்சை எரிக்கும். இதுவே எதுக்களிப்பு.

கீழே இருக்கும் அமிலம் ஏன் மேலேறுகிறது? மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சறையில் அழுத்தம் குறைகிறது, வயிற்றறையில் கூடுகிறது. பாய்மம் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தானே செல்லும்! அதைத் தடுத்து நிற்பது சுருக்குத்தசை. ஓய்வு நிலையில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 30 மில்லிமீட்டர் பாதரசம். இரவு ஷிப்ட் முடிந்து வயிறு நிறைய உண்டு, உடனே படுத்தால் புவியீர்ப்பின் துணையும் போய்விடும்.

பெரும்பாலோருக்கு உணவுப் பழக்கமும் மாத்திரையும் போதும். சிலருக்கே அறுவை மருத்துவம் தேவைப்படும்.

ருடால்ப் நிஸ்ஸன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1936இல் இஸ்தான்புல்லில் ஒருவரின் உணவுக்குழலில் அறுவை செய்து, தையலைக் காக்க இரைப்பையின் மடிப்பை அதைச் சுற்றிப் போர்த்தினார். (1948இல் ஐன்ஸ்டைனுக்கு வயிற்றில் அறுவை செய்தவரும் இவரே.) அந்த நோயாளிக்கு எதுக்களிப்பே இல்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துக் கவனித்தார். அதையே தனி மருத்துவ முறையாக்கி 1956இல் வெளியிட்டார். இரைப்பையின் மேற்பகுதியைக் கழுத்தில் துண்டு சுற்றுவதுபோல 360 பாகையும் சுற்றித் தைப்பது இம்முறை. வயிற்றில் அழுத்தம் கூடினால் சுற்றிய பகுதியும் சேர்ந்து இறுகும். எவ்வளவு எளிய யுக்தி!

ஆனால் இறுக்கம் மிகுந்தால் விழுங்குவது கடினம். ஏப்பம் வராது, வயிறு உப்பும். வாந்தி எடுக்கவும் இயலாது போகலாம். ஆகவே பிரெஞ்சு மருத்துவர் டோர் 1962இல் முன்புறம் மட்டும் 180 பாகையும், டூப்பே 1963இல் பின்புறமாகப் பகுதியளவும் சுற்றும் முறைகளைக் கூறினர். டூப்பே முறை அமிலத்தை ஏறக்குறைய நிஸ்ஸன் முறையளவே தடுக்கிறது. விழுங்கும் தொல்லையோ குறைவு. என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. ஆயினும் முடிவு சொல்ல வேண்டியது உணவுக்குழலின் அழுத்தத்தை அளந்து பார்க்கும் மருத்துவரே.

1991 முதல் இவற்றைச் சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப் கொண்டும் செய்கிறார்கள். கோவை டாக்டர் சி. பழனிவேலு லேப்ராஸ்கோப் அறுவைத் துறையில் பெயர்பெற்றவர்.

அறுவை செய்தால் மாத்திரையைவிட மேலா? ஐரோப்பாவில் 11 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2011இல் வெளியாயிற்று. ஐந்தாண்டுகளுக்குப் பின் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள், மாத்திரையில் 92 விழுக்காடு. அறுவையில் 85 விழுக்காடு!

2012இல் அமெரிக்கா அனுமதித்த காந்த வளையம் இயற்பியல் மாணவருக்கு விருந்து. டைட்டானிய மணிகளுக்குள் சிறு காந்தங்களை வைத்துக் கோத்து உணவுக்குழலைச் சுற்றி மாட்டுகிறார்கள். ரிப் துணியை இழுக்க இழுக்க எதிர்விசை கூடும். காந்தங்களோ விலக விலக ஈர்ப்பு குறையும். எனவே மூடியிருக்கும்போது பிடி வலுவாகவும், உணவு வந்து திறக்கத் தொடங்கியதும் வழி எளிதாகவும் அமைகிறது. ஒரு சங்கடம், எம்.ஆர்.ஐ. கருவியும் பெரிய காந்தம். பிந்தைய வளையங்கள் 1.5 டெஸ்லா வரைதான் தாங்கும்; 3 டெஸ்லா கருவிக்குள் இவர்கள் செல்லக்கூடாது.