கதவு போனால் கூரையும் போகும்

பெங்களூர் தொம்மலூரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘கிழக்குக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் 25 வருட டைம்ஷேர் வாங்கியிருக்கிறோம். புயலில் காட்டேஜ்களின் ஷீட் கூரை போய்விட்டது. சூறாவளியை வெல்லும் நவீனத் தொழில்நுட்பத்தில் திரும்பக் கட்டித்தருகிறோம் என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். அங்கே இருக்கும் வாட்ச்மேனோ, முதலில் கடல் பக்கத்துக் கண்ணாடிக் கதவு போச்சு, அப்புறம்தான் கூரை போச்சு என்கிறார். கதவு உடைந்தால் கூரை ஏன் பறக்க வேண்டும்?’

‘சூறாவளியை வெல்லும்’ என்று யாராவது எழுதினால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். வாட்ச்மேன் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ரிசார்ட்டின் விளம்பரத்தாளில் இருக்கும் மொத்த அறிவியலைவிட அவருடைய ஒரு வாக்கியத்தில் அதிகம் இருக்கிறது.

புயல் கூரையைத் தள்ளிக்கொண்டு போவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் மேல்நோக்கி உறிஞ்சி எடுக்கிறது. வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறையும் என்ற பள்ளிப் பாடத்தோடு நிறுத்திக்கொண்டால் ருசியான பகுதி விட்டுப்போகும். அதற்குத் தொம்மலூர்க்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய ஏர்போர்ட் ரோட்டில் கிழக்கே போனால் முருகேஷ்பாளையாவில் ‘விண்ட் டனல் ரோடு’ என்றே ஒரு சாலை இருக்கிறது, என்.ஏ.எல். விமான ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கங்கள் தந்த பெயர். இன்று தேஜஸ் எனப்படும் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாக மேலெழும்பியதும் பக்கத்து எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்துதான்.

தேஜஸின் இறக்கை முக்கோணம். மூக்கைத் தூக்கிக்கொண்டு அது பறக்கும்போது, இறக்கையின் கூரான முன்விளிம்பைத் தாண்டும் காற்றால் சட்டென்று வளைந்து மேற்பரப்போடு ஒட்டி ஓட முடிவதில்லை. விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு, பாய் சுருட்டுவதுபோல் சுருண்டு, நுனியில் ஒல்லியாகவும் போகப்போகப் பருமனாகவும் ஒரு சுழல் கூம்பாக இறக்கையின் மேல் படுத்துக்கொள்கிறது. கூம்பின் நடுவில் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். விமானத்தை மேலே இழுப்பதில் கணிசமான பங்கு இந்தச் சுழல்களுக்கு.

இனி அதே முக்கோணத்தைக் காட்டேஜ் கூரையின் மூலையில் பாருங்கள். காற்று சுவருக்கு நேராக வீசாமல் மூலைவாட்டத்தில் வீசினால், அந்த மூலையிலிருந்து இரண்டு ஓரங்களை ஒட்டியும் இரண்டு கூம்புச் சுழல்கள் கிளம்புகின்றன. தேஜஸைத் தூக்குகிற அதே வித்தைதான். தேஜஸுக்கு ஓடுபாதையும் விமானியும் வேண்டும். கூரைக்கு நான்கு போல்ட் கழன்றால் போதும்.

எல்லாப் பக்கமும் ஒரே அளவு இழுப்பு இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தோசையை நடுவில் கரண்டி விட்டு யாரும் எடுப்பதில்லை. ஓரத்தில் திருப்பியின் முனை நுழைந்துவிட்டால் மீதி தானாக வரும். கூரையும் அப்படித்தான் மூலையில் கிளம்புகிறது. மெல்லிய ரோஸ்ட் என்பது ஷீட் கூரை: ஒரே வீச்சில் முழுசாக வந்துவிடும். கனத்த ஊத்தப்பம் ஓட்டுக் கூரை: எளிதில் கிளம்பாது, கிளம்பினால் துண்டு துண்டாகப் பிய்யும். கல்லில் மாவு ஒட்டிக்கொண்ட இடங்கள்தான் ஸ்குரூக்கள். எண்ணெய் ஊற்றுவது உப்புக் காற்று. வெளியே ஸ்குரூவின் தலை பளபளக்க, வாஷருக்குக் கீழே கழுத்து துருப்பிடித்து ஊசியாய் மெலிந்திருக்கும். சட்னிக்கும் ஏதாவது இடம் கண்டுபிடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுகிறேன்.

இப்போது கதவுக்கு வருவோம். கட்டடங்களுக்கான காற்றுச்சுமையைக் கணக்கிட நம் நாட்டில் ஐஎஸ் 875 பகுதி 3 என்ற நெறிமுறை இருக்கிறது. அதன்படி அடிப்படைக் காற்று வேகம் பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டர், புதுச்சேரிக்கு 50 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். சுமை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், பெங்களூரில் சதுர மீட்டருக்குச் சுமார் 67 கிலோவாக இருக்கும் காற்றழுத்தம் புதுச்சேரியில் 150-ஐத் தாண்டுகிறது. பெங்களூரில் இண்டியா காஃபி ஹவுஸ் வாசலில் நிற்கும் பந்தலுக்கும் கடற்கரைக் காட்டேஜுக்கும் ஒரே ஃபேப்ரிகேட்டர் ஒரே கணக்கில் ஸ்குரூ அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரிவு குறைந்த, 5 டிகிரி ஷீட் கூரையை எடுத்துக்கொள்வோம். வெளியே உறிஞ்சல் புதுச்சேரியின் அந்தக் காற்றழுத்தத்தில் 0.9 பங்கு. கதவு ஜன்னல்கள் மூடியிருந்தால் உள்ளிருந்து மேலே தள்ளுவது 0.2 பங்குதான். இரண்டும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 170 கிலோ அளவுக்கு இழுப்பு. காற்றுப் பக்கம் பெரிய கதவு உடைந்த கணத்தில் அந்த 0.2 என்பது 0.7 ஆகிவிடும். உள்ளே பாய்ந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லை. பலூனை ஊதுகிற மாதிரி அறை உப்புகிறது. மொத்த இழுப்பு 245 கிலோவுக்குத் தாவுகிறது, மூலையில் 300-ஐயும் தாண்டுகிறது. ஷீட்டின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 5 கிலோ இருந்தால் அதிகம். மேலேயிருந்து உறிஞ்சும் கை ஒன்று, கீழேயிருந்து தள்ளும் கை ஒன்று. வாட்ச்மேன் பார்த்தது இரண்டாவது கை வந்து சேர்ந்த நொடியை.

டைம்ஷேர் விற்பதே கடல் தெரியும் அறையைத்தான். அதனால் கடலைப் பார்த்து அகலமான ஸ்லைடிங் கதவு. 5 சதுர மீட்டர் கதவின் மேல் 50 மீட்டர் வேகக் காற்று அரை டன்னுக்கு மேல் அழுத்தும். அதைத் தாங்கிப் பிடிப்பது அலுமினியத் தடத்தின் விளிம்பு. பல இடங்களில் அதன் உயரம் கட்டைவிரல் நகத்தளவுதான். கதவு வில்லாக வளைந்தால் சக்கரம் தடத்திலிருந்து எகிறிவிடும், கண்ணாடி உடையவே வேண்டாம். ‘டஃபன்ட் கண்ணாடி போட்டிருக்கிறோம்’ என்பார்கள். டஃபன்ட் உடைந்தால் பொடிப்பொடியாக உதிரும். நம் தோலுக்கு அது நல்லது. கூரைக்கோ முழு வாசலும் திறந்த கணக்கு. நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லாமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே தொங்கும். 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி அடித்த பிறகு மயாமி பக்கம் இதற்குச் சோதனையே வைத்தார்கள்: 4 கிலோ மரச்சட்டத்தை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாடி மேல் ஏவிப் பார்ப்பது.

வரலாறும் வேண்டுமாம், ஆசிரியர் கேட்கிறார். டைம்ஷேர் 1960-களில் ஐரோப்பாவில் பிறந்து 1980-களில் இந்தியாவுக்கு வந்த வியாபாரம். கூரை ஆராய்ச்சி 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் துவம்சம் செய்த பிறகு சூடுபிடித்தது. ஒரே இழுப்பில் பிய்யாத ஷீட்டுகள், காற்று ஆயிரக்கணக்கான தடவை இழுத்து விட்டதில் ஸ்குரூத் துளையைச் சுற்றிக் களைத்து விரிந்தன என்று அங்கேதான் புரிந்தது. போதும்.

நெறிமுறையின் 50 மீட்டர், சராசரியாக 50 ஆண்டுக்கு ஒருமுறை எட்டக்கூடிய வேகம். நம் வாசகரின் ஒப்பந்தம் 25 ஆண்டு. அதற்குள் ஒருமுறையாவது அந்த வேகம் மீறப்பட வாய்ப்பு எவ்வளவு? ஏறத்தாழ 40 சதவீதம். ‘அரை நூற்றாண்டுப் புயலையும் தாங்கும்’ என்ற விளம்பர வாக்கியத்துக்குள் இது ஒளிந்திருக்கிறது. 2019 மே 3 அன்று பூரியில் கரை கடந்த ஃபானி புயலில் காற்று மணிக்கு 205 கிலோமீட்டர் வரை வீசியது. நொடிக்கு 57 மீட்டர்.

2015-இல் திருத்திய நெறிமுறை கிழக்குக் கடற்கரையோரத்துக்கு ‘கே4’ என்ற பெருக்கெண்ணைச் சேர்த்தது. புயல் காப்பகம், மருத்துவமனைக்கு 1.30, தொழிற்சாலைக்கு 1.15, மற்றதற்கெல்லாம் 1.00. ரிசார்ட் அந்த ‘மற்றதெல்லாம்’ பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. உரிமையாளர்கள் தாமாகவே 1.15 போட்டுக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. 50-ஐ 1.15-ஆல் பெருக்கினால் 57.5; ஃபானிக்குச் சரியாகிவிடும்.

பெரிய கட்டடம் என்றால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2023 அக்டோபர் 25 அன்று மெக்சிகோவின் அகாபுல்கோவை ஓட்டிஸ் சூறாவளி அடித்தபோது கடலோர அடுக்குமாடி ஹோட்டல்களின் கான்கிரீட் எலும்புக்கூடு பெரும்பாலும் நின்றது. கண்ணாடி, உள்தடுப்பு, கட்டில், ஏசி எல்லாம் வெளியே போயின. தூண்களை இன்னும் பருமனாக்குகிறோம் என்று யாராவது சொன்னால், உடைந்தது தூண் இல்லையே என்று கேளுங்கள்.

புயல் வரும்போது எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகிவிடும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. செய்யாதீர்கள். சுழலும் புயலில் காற்றுத் திசை மாறிக்கொண்டே இருக்கும்; இப்போதைய எதிர்ப்பக்கம் அடுத்த மணி நேரத்தில் முன்பக்கமாகிவிடும்.

வாசகர் உறுப்பினர் கூட்டத்துக்குப் போனால் விற்பனைப் பிரிவை விட்டுவிட்டு ஸ்டிரக்சுரல் இன்ஜினியரின் கணக்குத் தாளைக் கேட்கட்டும். கே4-க்கு எதிரே என்ன எண். உள் அழுத்தத்துக்கு 0.2 போட்டிருக்கிறார்களா, 0.7 போட்டிருக்கிறார்களா, மூலைகளிலும் ஓரங்களிலும் ஸ்குரூ இடைவெளி நடுவில் இருப்பதைவிட நெருக்கமா, கடல் பக்கக் கண்ணாடி லாமினேட்டடா, அதற்கு வெளியே இழுத்து மூடும் ஷட்டர் உண்டா. கூரைச் சரிவை 30 டிகிரி ஆக்கினால் காற்றுப் பக்கச் சரிவில் உறிஞ்சல் ஏறக்குறைய இல்லாமலே போகும், நம் பழைய ஓட்டு வீடுகளின் சரிவைப் போல. ஆனால் அப்படிச் செய்தால் காட்டேஜின் தட்டையான தோற்றம் போய்விடும் என்று ஆர்க்கிடெக்ட் முகம் சுளிப்பார். பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவர்கள் வாக்கெடுப்பு கேட்கலாம்.