படித்தது மறக்காமல் இருக்க என்ன வழி?

ராத்திரி ஒன்பது மணி. ஓசூர் தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிப்ட் இன்னும் முடியவில்லை. தொழிலாளி வீட்டில் ஒரு பையன் அதே பாடத்தை நாலாவது தடவையாகப் படிக்கிறான். எல்லாம் தெரிந்தது போல இருக்கிறது. காலையில் வாத்தியார் கேட்டால் வாயில் வரவில்லை!

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மட்டுமல்ல, எங்கும் உள்ள கவலைதான் இது. "பிள்ளைக்கு ஞாபக சக்தி இல்லையே!" என்று பெற்றோர் வருந்துகிறார்கள். பெரும்பாலும் குறை பிள்ளையிடம் இல்லை. படிக்கும் முறையில்தான் இருக்கிறது.

பூவும் பறவையும்

தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் 1855-ல் பிறந்தவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கே நடந்த ஒரு பயிற்சியை 'என் சரித்திரம்' நூலில் அவர் சொல்லியிருக்கிறார்.

மாலையில் பள்ளிக்கூடம் விடும்போது, உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை என்று சில பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் அவற்றை மறவாமல் சொல்ல வேண்டும். மனதில் இருப்பதை வெளியே எடுப்பதுதான் அந்தப் பயிற்சி.

அமெரிக்கப் பரிசோதனை

அது எவ்வளவு சரி என்பதை, 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. கல்லூரி மாணவர்கள் ஒரு பாடத்தைப் படித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பவும் படித்தார்கள். இன்னொரு பகுதியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள்.

ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்ததில் நூற்றுக்கு 81 பங்கு நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்ததில் 75 பங்குதான். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறிவிட்டது! திரும்பப் படித்ததில் 42 பங்கே மிஞ்சியது; எழுதிப் பார்த்ததில் 56 பங்கு நின்றது.

காரணம் என்ன? திரும்பத் திரும்பப் படித்தால் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகியதை, தெரிந்தது என்று மனம் நம்பிவிடுகிறது. நடக்க நடக்கத்தான் ஒற்றையடிப் பாதை பதியும். நினைவும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது

ஒரு பக்கம் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். படித்ததைச் சொல்லுங்கள். பிறகு திறந்து, விட்டதைப் பாருங்கள். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் இப்படியே சொல்லிப் பாருங்கள். பரீட்சைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். படித்தது மனதில் ஊன்றுவதற்குத் தூக்கம் அவசியம்.

இதற்கு டியூஷன் வேண்டாம். பணச் செலவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் உதவலாம். களி கிண்டிக்கொண்டே, "இன்றைக்கு என்ன படித்தாய்? புத்தகத்தை மூடிவிட்டுச் சொல், கேட்கிறேன்" என்றால் போதும். வீட்டில் பேசுவது தெலுங்கானாலும் கன்னடமானாலும், பிள்ளை முதலில் அதிலேயே சொல்லட்டும். பிறகு பாடத்தின் பாஷையில் சொல்லட்டும்.

கேட்க ஒருவர் இருந்தால், சொல்லப் பிள்ளைக்கு ஆசை வரும்!