பிள்ளைக்கு முதல் கணிப்பொறி மொழி எது?

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் குடும்பங்களில் எழும் கேள்விகளுள் இன்று இதுவும் ஒன்றாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கணிப்பொறி நிரல் எழுதக் கற்பிப்பதாயின், எந்த மொழியில் தொடங்குவது? பயிற்சி நிலையங்கள் ஆளுக்கொரு விடை தருகின்றன. பெற்றோரோ, எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்றே கேட்கின்றனர். பத்து வயதில் அக்கேள்விக்கு இடமில்லை என்பது நம் கருத்து.

இவ்வழக்குப் பழையது. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள், அறிவியல் பயிலாத மாணவரும் கையாளும் வண்ணம் ‘பேசிக்’ என்னும் எளிய மொழியை உருவாக்கினர். பேசிக்கில் பழகியவருக்கு நல்ல நிரல் எழுதக் கற்பிப்பதே அரிது என்று 1975இல் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் சினந்து எழுதினார். ஆயினும், அம்மொழியில் தொடங்கிய சிறுவர் பலர் பின்னாளில் தேர்ந்த வல்லுநராயினர். முதல் மொழி தலையெழுத்தன்று. தன் பிழையைத் தானே கண்டு திருத்தப் பிள்ளைக்கு அது வழிவிடுகிறதா என்பதையே நாம் பார்க்கவேண்டும்.

1967இல் சீமோர் பாப்பெர்ட்டும் சிந்தியா சாலமனும் தம் தோழருடன் சேர்ந்து சிறுவர்க்கென ‘லோகோ’ மொழியை ஆக்கினர். சில ஆண்டுகளில் அதனோடு ஓர் ஆமையும் சேர்ந்தது. ‘முன்னே 100, வலப்புறம் 90’ என்றால் ஆமை நகர்ந்து கோடு வரையும். நான்கு முறை சொன்னால் சதுரம் கிடைக்கும். இனி முக்கோணம் வரையச் சொல்லுங்கள். பள்ளியில் படித்த நினைவில் பிள்ளை 60 பாகை என்பான். மூன்று கோடுகளும் கூடாமல், பாதி அறுகோணமாய் நிற்கும். அப்போது விடை சொல்லிவிடாதீர்கள். முற்றத்தில் அவனையே ஆமையாக நடக்கவிடுங்கள். மூலையில் உடல் திரும்பவேண்டியது 120 பாகை என்று அவன் கால்களே கண்டுகொள்ளும். பிரம்புக்கு அஞ்சி மனப்பாடம் செய்த எந்த வாய்பாடும் இவ்வாறு மனத்தில் தங்காது.

எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்ய முடியாத சிறுவர்க்கு, 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வெளியான ‘ஸ்கிராட்ச்’ ஏற்றது. ஆணைகளை வண்ணக் கட்டைகளாக அடுக்கினால் போதும். கட்டணமில்லை. அதைத் தாண்டியதும், 1991இல் வெளிவந்த ‘பைத்தான்’ மொழிக்கு வரலாம். (பெயர் மலைப்பாம்பைக் குறிப்பதன்று, இங்கிலாந்தின் நகைச்சுவைக் குழு ஒன்றிலிருந்து எடுத்தது.) திரையில் ஒரு சொல்லைக் காட்ட சி++ மொழியில் பல வரிகள் வேண்டும்; பைத்தானில் ஒரே வரி. மேலும், அதே ஆமை பைத்தானோடு இலவசமாகவே வருகிறது. ஆமையின் ஆணைகளுக்கு ‘முன்னே’, ‘வலம்’ என்று தமிழிலேயே பெயர் சூட்டவும் இன்றைய பைத்தான் இடந்தருகிறது. அடிப்படைச் சொற்கள் மட்டும் ஆங்கிலமே. அவை சில பத்துதாம். தமிழ்நாட்டில் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலிலும் பைத்தான் இடம்பெற்றதால், மேல்வகுப்பிலும் இப்பழக்கம் வீண்போகாது.

இயங்குதளத்தைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டா. விண்டோஸிலும் லினக்ஸிலும் இவை இரண்டும் இயங்கும். வீட்டிலிருக்கும் பொறியே போதும். அது பழையதாகித் தளர்ந்திருப்பின், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸின் எளிய வகையொன்றை ஏற்றிப் பாருங்கள். கடன்பட்டுப் புதுப்பொறி வாங்கவேண்டியதில்லை.

ஆனால் ஒன்று: அப்பாவின் அலுவலகக் கணக்கும் திருமணப் படங்களும் உள்ள பொறியில் பிள்ளை அஞ்சி அஞ்சியே தட்டுவான். 2012இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான ‘ராஸ்பெரி பை’ என்னும் உள்ளங்கையளவுப் பொறி இதற்கு ஒரு வழி. லினக்ஸும் பிள்ளையின் கோப்புகளும் ஒரு சிறு மெமரி கார்டில் அடங்கும். அவன் எதை அழித்தாலும், கோப்புகளுக்கு ஒரு படி எடுத்து வைத்திருந்தால், கார்டை மீண்டும் எழுதிவிட்டு மறுநாளே தொடரலாம்.