மேசைமேல் ஒரு காட்டு ரயில்

வல்லார்பாடத்தில் வாழும் தமிழன்பர்கள் வேம்பநாட்டு ரயில் பாலத்தை நன்கறிவர். 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாலம் 4.62 கிலோமீட்டர் நீளமுடையது. துறைமுகச் சரக்குக்கென்றே கட்டப்பெற்றது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்நாட்டில் மரத்துக்கென்று ஓர் இருப்புப் பாதை இருந்தது. அதுவே கொச்சி அரசின் காட்டு டிராம்வே.

பறம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்ற அந்த மீட்டர் பாதை 1907 முதல் 1963 வரை இயங்கிற்று. தேக்கும் ஈட்டியும் அதன்வழி மலையிறங்கிச் சாலக்குடியை அடைந்தன. இன்று அது இல்லை. நம் பிள்ளைகள் அதைக் காண வேண்டுமாயின், நாமே சிறிதாகச் செய்துகாட்டுதல் வேண்டும்.

மாதிரி ரயிலுக்கு வழக்கமான அளவு 87இல் ஒரு பங்கு. அவ்வளவில் ஒரு மீட்டர் அகலப் பாதை சுமார் 12 மில்லிமீட்டராகும். 6 மீட்டர் நீள மரம் 7 சென்டிமீட்டராகும். எனினும், பாதை முழுவதையும் அமைக்க 900 மீட்டருக்கு மேல் இடம் வேண்டும்! ஆகவே ஒரே ஒரு காட்சியைத் தெரிந்துகொள்வோம். அது மலைச்சரிவு.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு. செங்குத்தான சரிவில் எஞ்சினால் ஏற இயலாது. எனவே சில இடங்களில் வேறோர் உபாயம் கையாளப்பட்டது. உச்சியில் கப்பி, அதைச் சுற்றிக் கம்பி வடம். மரமேற்றிய வண்டி இறங்குகையில் தன் எடையாலேயே வெறும் வண்டியை மேலே இழுக்கும். வேகம் மிகாதபடி பிரேக் போட்டால் போதும், நிலக்கரி வேண்டா.

மேசைமேல் இரண்டு பாதைகளை அருகருகே சரிவாக அமைத்து, உச்சியில் சிறு கப்பி பொருத்தி, நூலின் இரு முனைகளிலும் வண்டிகளைக் கட்டுக. மரத்துக்கு வேப்பங்குச்சி ஏற்றது. ஆனால் வண்டி நகராது! நீள, அகல, உயரம் மூன்றும் 87இல் ஒரு பங்காகக் குறைவதால், எடை ஆறரை லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு டன் மரம் ஒன்றரைக் கிராமாகிறது! அச்சின் உராய்வை அது வெல்லாது. ஆகவே குச்சிகளுக்கு அடியில் தூண்டிலுக்குரிய ஈயக்குண்டுகளை மறைத்து வைத்தல் வேண்டும்.

காய்ந்த தேயிலைத் தூளைப் பரப்பினால் காட்டின் சருகுத் தரை கிடைக்கும். இனி மரங்கள். இங்கே பலர் தவறுகின்றனர். சரிவெங்கும் பசுமையை நிறைத்து அழகு பார்க்கின்றனர். மரம் வெட்டிய இடத்தில் பசுமை எவ்வாறு இருக்கும்? குச்சிகளை அரையங்குல உயரத்தில் நறுக்கி, அடிமரங்களாக வரிசையாக நடுக. வண்டியில் ஏறிய ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் அடிமரம் கணக்காக இருக்கட்டும்.

பறம்பிக்குளம் இன்று புலிகள் காப்பகம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியே அங்குச் செல்லலாம். மேசைமேல் அடிமரங்களை எண்ணிய பிள்ளை, அங்கே நிற்கும் தேக்கை வேறு கண்ணோடு நோக்கும்.