எலும்பைச் சுற்றி ஒரு காந்தச் சுருள்

நெடுந்தூரம் ஓடுகிறவரின் காலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வருகிறார் பிசியோதெரபிஸ்ட். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பில் ஓர் இடம். ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். விரல் பட்டதும் சுரீர் என்கிறது. எக்ஸ்ரேயில் முதல் சில வாரங்களுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது; எம்ஆர்ஐ காட்டிக்கொடுத்துவிடும். ஓய்வில்லாமல் ஓடியதால் எலும்பில் விழுந்த நுண்விரிசல் அது. பல வாரம் ஓடக் கூடாது என்றதும் அவர் முகம் வாடிவிடுகிறது. எலும்பை ஒட்டவைக்கும் என்று சொல்லப்படும் காந்தப்புலக் கருவியின் பெயர் அவர் காதில் விழுவது இந்த நேரத்தில்தான்.

கருவி எளிமையானது. கம்பிச் சுருள் ஒன்று, மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் சிறு பெட்டி ஒன்று. ஒவ்வொரு துடிப்புக்கும் சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் எழுந்து அடங்கும். மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டதுதான் இங்கே எலும்புக்குள் நடக்கிறது. தோலும் தசையும் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. சூடும் வலியும் தெரியாது. காந்த வளையல்களை இதோடு சேர்த்துவிடக் கூடாது. அவற்றின் புலம் மாறுவதே இல்லை.

எலும்புக்கு மின்சாரம் எதற்கு? எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கிறது என்று 1957இல் ஜப்பானியர்களான ஃபுகாடாவும் யசுடாவும் காட்டினார்கள். அந்த மின்னழுத்தம் எலும்பை வளரத் தூண்டும் என்று கருதி, அதை வெளியிலிருந்தே கொடுத்துப் பார்த்தவர் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஆண்ட்ரூ பேசெட். ஒட்டாத முறிவுகளுக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்த 1979இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

ஐந்து ஆண்டு கழித்து பிரிட்டனில் ஒரு சோதனை. கீழ்க்கால் எலும்பு நெடுநாள் ஒட்டாத 16 பேர். 9 பேருக்கு இயங்கும் கருவி, 7 பேருக்குப் பார்வைக்கு அதே போன்ற பொய்க்கருவி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் மாவுக்கட்டு, காலை ஊன்றக் கூடாது. கடைசியில் இயங்கும் கருவி கட்டியவர்களில் 5 பேருக்கு எலும்பு ஒட்டியிருந்தது. பொய்க்கருவி கட்டியவர்களிலும் 5 பேருக்கு!

16 பேரை வைத்துக் கருவியையே தள்ளிவிட முடியாது. பின்னால் நடந்த சோதனைகளும் ஒன்றுபோல் பேசவில்லை. ஆனால் அந்தப் பொய்க்கருவிக்காரர்களை என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் எலும்புக்குள் ஒரு துடிப்பும் போகவில்லை. மாதக்கணக்கில் காலை ஊன்றாமல் இருந்தார்கள். சுருளை நம்பி அந்த ஓய்வைக் குறைத்துக்கொள்ளும் இளம் ஓட்டக்காரர்களை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.