குட்டியா, வளர்ந்த பூனையா?

கொல்கத்தாவின் கிடர்பூர்ச் சந்துகளில் பூனைக்குப் பஞ்சமில்லை. 1892-ஆம் வருஷம் திறக்கப்பட்ட கப்பல்துறையும், அதை அடுத்த சரக்குக் கிடங்குகளும், அவற்றை நம்பிப் பெருகும் எலிகளும், தெருவோர மீன்கடைகளும் கூடியிருக்கும் இடத்தில் அந்த ஜாதி செழிக்காமற் போனால்தான் அதிசயம். குறுக்கே போனால் சகுனத் தடை என்று நம்மவரைத் திரும்பிவந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட வைக்கும் இந்தப் பிராணியே, வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவியின் வாகனம். ஆயினும் வழியில் அது குறுக்கிட்டால் வங்காளியும் சற்றுத் தயங்கியே நடப்பான் என்பது வேறு விஷயம்.

ஆகவே வளர்க்க விரும்புகிறவருக்குப் பூனை கிடைப்பது பிரச்னையன்று. மாடிப்படியின் கீழே மழையில் நனைந்து கத்தும் குட்டியை எடுப்பதா, வீடு மாறிப்போன குடும்பம் விட்டுச்சென்ற வளர்ந்த பூனையை ஏற்பதா என்பதே கேள்வி. நம் இரக்கம் பெரும்பாலும் குட்டியின் பக்கமே சாய்கிறது.

ஆனால் குட்டிக்கு வேண்டிய சம்ரக்ஷணை லேசானதல்ல. எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து அதைப் பிரிக்கலாகாது. பன்னிரண்டு வாரம் வரை பொறுப்பது இன்னும் உத்தமம், ஏனெனில் கடியையும் கீறலையும் அடக்கிக்கொள்ள அது கற்பது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான். அன்பு மிகுதியால் நாம் ஊற்றும் பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கையே தரும். ஆறு முதல் எட்டு வாரப் பிராயத்தில் தொடங்கும் தடுப்பூசிகளை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். இவ்வளவுக்கும் மேலாக, மூன்றாம் மாடி பால்கனியின் கம்பி இடைவெளியில் நுழைந்துவிடும் உருவம் அதற்கு. பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீட்டில் அதைத் தனியே விடுவது தகாது. குட்டிதான் வேண்டும் என்போர், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டைச் சேர்த்து எடுத்தால் ஒன்றுக்கொன்று துணையாகும்.

என் அபிப்பிராயத்தில், வேலைக்குச் செல்வோர் வீட்டுக்கும், காலடியில் ஏதேனும் ஓடினால் தடுக்கி விழக்கூடிய முதியோர் வீட்டுக்கும் வளர்ந்த பூனையே ஏற்றது. குட்டியின் சுபாவம் எப்படி அமையும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வளர்ந்ததோ மடியை நாடுமா, குழந்தைகளின் கைச்சேஷ்டையைப் பொறுக்குமா என்பது பெரும்பாலும் பார்த்தே தெரியும். மூன்று நான்கு வயதுப் பூனையைக் கிழமென்று ஒதுக்குவது அறியாமை. வீட்டுக்குள் நன்கு வளர்க்கப்படும் பூனை பதினைந்து வயது வரை வாழ்வது அபூர்வமன்று. பத்து வயதைத் தாண்டியதாயின் பல்லையும் சிறுநீரகத்தையும் வைத்தியரிடம் காட்டிய பின் தீர்மானிக்கலாம்.

புதிய வீட்டுக்கு வந்ததும் வளர்ந்த பூனை சில நாள் கட்டிலடியிலேயே பதுங்கிக் கிடக்கும். வெளியே இழுக்க முயலாமல் ஓர் அறையை அதற்கென ஒதுக்கி, மண் தட்டையும் உணவையும் எட்ட எட்ட வைத்து, கதவைச் சாத்திவிட்டு, பசி ஓங்கும் வரை சும்மா இருக்க வேண்டும். ஒரு முழுநாளுக்கு மேல் ஒன்றும் உண்ணாவிட்டால் மாத்திரம் வைத்தியரை நாடலாம்.