ஹார்டும் ஹார்ட்லியும்

பட்டம் பெற்ற புதிதில், உத்தியோகம் வேண்டி ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். அஞ்சலில் சேர்க்குமுன், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அதைக் காட்ட எண்ணி, மதுரை சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்திற்குச் சென்றேன். அவர் நாள்தோறும் அங்கே வருபவர். படித்துவிட்டுப் புன்னகையுடன், “தம்பி, படித்த காலத்தில் உழைக்கவே இல்லை என்று நீயே எழுதிக் கொடுக்கிறாயே!” என்றார்.

நான் திகைத்தேன். ‘கடுமையாக உழைத்தேன்’ என்று சொல்லக் கருதி, ‘ஐ ஹார்ட்லி ஒர்க்ட்’ என்று எழுதியிருந்தேன். ‘ஹார்ட்லி’ என்றால் ‘அநேகமாக இல்லை’ என்று பொருள். ‘ஐ ஒர்க்ட் ஹார்ட்’ என்பதே நான் எழுதியிருக்க வேண்டியது.

இப்பிழை ஏன் நேர்கிறது? தமிழில் ‘வேகம்’ என்பதோடு ‘ஆக’ சேர்ந்தால் ‘வேகமாக’ என்னும் வினையடை பிறக்கிறது. அந்தப் பழக்கத்தால் ஆங்கிலத்தில் எங்கும் ‘லி’யை ஒட்டிவிடுகிறோம். ‘ஸ்லோ’ என்பது ‘ஸ்லோலி’ ஆவது சரியே. ஆனால் ‘ஃபாஸ்ட்’ மாறுவதில்லை. ‘ஃபாஸ்ட்லி’ என்பது பிழை. ‘குட்’ என்பதற்குரிய வினையடை ‘வெல்’. ‘லேட்’ என்றால் தாமதமாக; ‘லேட்லி’ என்றாலோ அண்மைக் காலத்தில். ‘ஃபிரெண்ட்லி’ என்னும் சொல்லோ, ‘லி’ இருந்தும் பெயரடையே.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘மல்லிகை இனிமையாக மணக்கிறது’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என்பதே வழக்கு, ‘லி’ வேண்டுவதில்லை. அங்கே இனிமை மலரின் பண்பைக் குறிக்கிறதேயன்றி, மணத்தல் என்னும் செயல் நிகழும் விதத்தைக் குறிக்கவில்லை. ‘ஷி சிங்ஸ் ஸ்வீட்லி’ என்னும்போது, பாடும் விதத்தைச் சொல்கிறோம். ஆகவே வினையடை வருகிறது.

ஆகவே, எழுதுமுன் இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இச்சொல் எதைத் தழுவி நிற்கிறது, பெயரையா, வினையையா? வினையையே என்றால், அதற்குரிய வடிவம் யாது? இரண்டாம் வினாவிற்கு ஊகம் உதவாது; அகராதியே விடை தரும்.

அன்று அந்த ஆசிரியர் என் பிழையைத் தாமே திருத்தித் தரவில்லை. நூலகத்தின் அகராதியை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் தேடிக் கண்டதால், அச்சொல்லை இன்றளவும் மறக்கவில்லை.